கட்டங்களில் அடங்கும் காற்று: கருத்தரங்கத் தலைமை உரை



வானிலை மாதிரிகள் கட்டம் கட்டமாகத் தரும் காற்றுத் தரவை எப்படிக் கையாள்வது என்று பேசக் கூடியிருக்கிறோம். நம் கட்டுரைகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது: தரவு பதிவிறக்கப்பட்டது, இடைச்செருகப்பட்டது, சராசரி எடுக்கப்பட்டது. பல ஆய்வுகளின் முடிவு கெடுவது அந்த ஒரு வரிக்குள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்று எவ்வளவு எளிதில் கணக்கைக் கவிழ்க்கும் என்பதை எண்வழி வானிலைக் கணிப்புத் துறை பிறக்கும்போதே கண்டுவிட்டது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட நூலில், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையால் கணக்கிட்டுக் காட்டினார். வரைபடத்தைச் சதுரங்கப் பலகைபோல் பிரித்து, ஒரு கட்டத்தில் அழுத்தத்தையும் அடுத்த கட்டத்தில் காற்றையும் வைத்தார். 6 மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவருடைய சமன்பாடுகள் சரியானவை. கோளாறு அவர் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றில் இருந்தது. ஒரு பகுதிக்குள் நுழையும் காற்றும் அதைவிட்டு வெளியேறும் காற்றும் பெரிய எண்கள். அழுத்தத்தை மாற்றுவதோ அவற்றின் சின்னஞ்சிறு வித்தியாசம். காற்றின் அளவீடு கொஞ்சம் பிசகினாலும் அந்த வித்தியாசம் பல மடங்கு ஊதிப்போகும். பிற்காலத்தில் அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே தொடக்கத் தரவைச் சமநிலைப்படுத்திவிட்டுக் கணக்கிட்டபோது நம்பத்தக்க விடை வந்தது.

ரிச்சர்ட்சன் காற்றையும் அழுத்தத்தையும் தள்ளித் தள்ளி வைத்தாரே, அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. அரகாவா வகுத்த சி வகைக் கட்டத்தில் காற்றின் கிழக்கு மேற்குக் கூறு கட்டத்தின் ஒரு விளிம்பிலும், வடக்கு தெற்குக் கூறு வேறொரு விளிம்பிலும் நிற்கும். மாதிரியின் மூலக் கோப்பிலிருந்து ஒரே வரிசை எண்ணுள்ள இரண்டையும் எடுத்து வேகம் கண்டுபிடித்தால், வெவ்வேறு இடத்துக் காற்றுகளைச் சேர்த்துவிடுகிறோம். லாம்பர்ட் வரைபட எறியத்தில் ஓடும் மாதிரிகளிலோ, கூறுகள் கட்டத்தின் அச்சைப் பின்பற்றுகின்றனவா, உண்மையான வடக்கைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வானிலைத் தரவைத் தாங்கும் கிரிப் கோப்பின் தலைப்பகுதியில் இதைச் சொல்லவே ஒரு குறியீடு இருக்கிறது. அதைப் படிக்காமல் வரையும் படத்தில் அம்புக்குறிகள் சாய்ந்திருக்கும். வேகம் மட்டும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சராசரி எடுப்பதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்கை ஒட்டிய திசைகள். இரண்டையும் கூட்டி வகுத்தால் 180, அதாவது தெற்கு. இதைத் தவிர்க்கக் கூறுகளைச் சராசரி எடுக்கச் சொல்லித் தருகிறோம். திசைக்கு அது பொருந்தும். அதே பழக்கத்தை வேகத்துக்கும் கொண்டுபோனால் வேறொரு தவறு வரும். பகலில் கடலிலிருந்து நொடிக்கு 6 மீட்டர், இரவில் நிலத்திலிருந்து நொடிக்கு 6 மீட்டர் என்று வீசும் ஊரில், கூறுகளின் சராசரி பூஜ்யம். அந்த ஊரில் காற்றே இல்லை என்றா எழுதுவது?

மின்சாரம் என்று வந்தால் வேகத்தின் சராசரியும் போதாது. காற்றிலுள்ள திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 4 மீட்டரும் 12 மீட்டரும் வீசும் இரண்டு மணி நேரங்களுக்கு வேகச் சராசரி 8. அதன் மும்மடி 512. ஒவ்வொன்றையும் தனித்தனியே மும்மடியாக்கிச் சராசரி எடுத்தால் 896. எதை முதலில் செய்தோம் என்ற வரிசைதான் இத்தனை பெரிய வேறுபாட்டைத் தருகிறது. அந்த வரிசையைக் கட்டுரையில் எழுதாவிட்டால், வாசிப்பவர் எந்த எண்ணை நம்புவது?

இடைச்செருகலுக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி 0.25 டிகிரி இடைவெளியில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில், நாளுக்கு 4 முறை காற்றைத் தருகிறது. நம் பகுதியில் அந்த இடைவெளி ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நெருங்கி விரைவதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. 28 கிலோமீட்டர் கட்டத்தில் மலையும் கணவாயும் கலந்து மழுங்கிவிடும். அந்தத் தரவை 1 கிலோமீட்டருக்கு இடைச்செருகினால் படம் வழவழப்பாகுமே தவிர, கணவாய் திரும்பி வராது. புயலிலும் இதே கதைதான். கண்ணின் இருபுறமும் காற்று எதிரெதிராக வீசுவதால், நடுவே கூறுகளை இடைச்செருகும்போது அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கரையோர மக்களுக்கான எச்சரிக்கையில் வேகம் குறைந்துபோகும்.

ஆகவே கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். எந்த மாதிரி, எந்த உயரத்துக் காற்று, எந்தக் கட்டம், கூறுகள் எந்த வடக்கைச் சார்ந்தவை, எதை எந்த வரிசையில் சராசரி எடுத்தீர்கள் என்பதை முதல் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அமர்வுத் தலைவர்கள் இதற்காக ஒவ்வொருவருக்கும் சில நிமிடம் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.