பழைய வண்டியும் அதன் வரலாறும்

மாத்தளைப் பகுதித் தோட்டங்களின் பழைய கொட்டில்களிலே, ஓடாது நிற்கும் இத்தாலிய பியட் 1100 வண்டி ஒன்று கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அதைப் புதுப்பிக்க விரும்பும் இளைஞர் முதலில் தேடுவது ஸ்பானரையும் வர்ணத்தையும். முதலில் வேண்டுவதோ குறிப்பேடும் எழுதுகோலுமே.

காரணம் உண்டு. டூரின் நகரில் 1899இல் தோன்றிய பியட் நிறுவனம், 1953இல் இவ்வண்டியின் புதிய வடிவை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே பம்பாயிலும் பிரிமியர் நிறுவனம் அனுமதி பெற்று அதனைச் செய்யத் தொடங்கிற்று. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். உள்ளே வேறுபாடு உண்டு. 1100 டி என்னும் வகையில், இத்தாலிய எஞ்சின் 1221 கன சென்ரிமீற்றர். இந்திய எஞ்சின் 1089. முன்கதவின் பிணைச்சல் இத்தாலியில் 1960 அளவில் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு மாறியது. பம்பாயிலோ பழைய கதவு மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. எனவே, கதவைக் கண்டு ஆண்டைக் கணிப்பவர் ஏமாறுவர். பிறந்த இடம் அறியாமல் உறுப்புகளை வாங்கினாற் பணமும் வீண், வண்டியும் வீண்.

சான்றுகள் எவை? சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் முதற் சான்று. பதிவுப் புத்தகம் முன்னைய உடைமையாளரைக் காட்டும். எண்தகடும் பேசும்: முன்னையவற்றில் ஆங்கில எழுத்துகள், 1957 முதல் சிங்கள 'ஸ்ரீ'. அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை நேயர்கள் அறிவர். ஒரு தகரத் துண்டிலும் நாட்டின் சரித்திரம் இருக்கிறது.

கதவின் உட்புறத்தில், விரிப்பின் அடியில், முதல் வர்ணம் ஒளிந்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் மீட்க வழியில்லை. பழைய திருமணப் படங்களிலும் வண்டி நிற்கக்கூடும். எல்லாவற்றிலும் மேலாக, அதனை ஓட்டிய சாரதியும் பழுது பார்த்த மெக்கானிக்கும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். எந்தச் சில்லு எப்போது மாற்றப்பட்டது, எந்த மேட்டில் எஞ்சின் சூடேறியது என்பன எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோ முதுமையடைந்துவிட்டனர். இரும்பு காத்திருக்கும், மனிதர் காத்திருப்பதில்லை.

வாய்வழி வந்த பௌத்த மறை, மறைந்துபோகுமோ என்னும் அச்சத்தால், கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏடுகளில் எழுதப்பெற்றது நமது மாத்தளை அலுவிகாரையிலேதான் என்பது மரபு. மறை பெரிது, வண்டி மிகச் சிறிது. எனினும் பாடம் ஒன்றே. நினைவு இருக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும். எழுதியபின் ஸ்பானரை எடுங்கள்.