பிழை சொல்லாத கணினி



உங்க கையில இருக்கிற போன் ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அதுக்குள்ள எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இருக்கு. தகவல்களை அட்டவணையாக அடுக்கி வைத்து, கேட்டதை எடுத்துத் தருகிற மென்பொருள் அது. 2000-ம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. நல்ல மென்பொருள்தான். ஆனா ஒரு பழக்கம் உண்டு: நாம தப்பாகக் கேட்டாலும் சில நேரம் 'தப்பு'ன்னு சொல்லாது.

எப்படின்னு பாருங்க. அட்டவணையில் 'ஊர்' என்று ஒரு தலைப்பு. அதில் மதுரை என்று உள்ளவர்களைத் தேட வேண்டும். நிரல் எழுதுபவர் கைதவறி, இரட்டை மேற்கோள் குறிக்குள் 'ஊரு' என்று அடித்துவிடுகிறார். அப்படி ஒரு தலைப்பே இல்லை. தேடல் அங்கேயே நின்றிருக்க வேண்டும். எஸ்கியூலைட்டின் வழக்கமான அமைப்பில் நிற்பதில்லை. 'ஊரு' என்பதை வெறும் சொல்லாக எடுத்துக்கொண்டு, 'ஊரு'வும் 'மதுரை'யும் ஒன்றா என்று ஒப்பிடும். எப்படி ஒன்றாகும்? ஆயிரம் பேர் இருந்தாலும் திரையில் வருவது 'பதிவு இல்லை'. இந்தத் தாராளம் தவறு என்று அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய செயலிகள் நின்றுவிடக் கூடாதே என்றுதான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, மைஎஸ்கியூஎல். 2015-ல் 5.7 பதிப்பு வரும் வரை, இடம் போதாவிட்டால் பெயரை வெட்டிச் சேமிப்பதே அதன் இயல்பான அமைப்பு. ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவாகும். அதை யாரும் பார்க்காமலே போகலாம். 'மீனாட்சிசுந்தரம்' ஆங்கிலத்தில் 17 எழுத்து. இடம் 15 என்றால் 'மீனாட்சிசுந்தர்' ஆகிவிடும். பார்த்தா சரியான பேரு மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து! சான்றிதழில் அப்படி ஏறிவிட்டால் பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் என்று போகிற இடமெல்லாம் 'பெயர் பொருந்தவில்லை'.

கண்டிப்பான அமைப்பு இப்போது இரண்டிலும் உண்டு. அதை வைத்துக்கொள்வது நிரலாளர் பொறுப்பு. நாம செய்ய வேண்டியது என்ன?

'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று வந்தாலும், சேமித்ததைத் திறந்து ஆவணத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்க. 'பதிவு இல்லை' என்று வந்தால், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்க. அப்பவும் வரலைன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒப்புகை எண்ணோடு போய்க் கேளுங்க. திரை 'இல்லை' என்று சொன்னதாலேயே உங்க உரிமை இல்லாமல் போய்விடாது.