படத்துக்கு இசை: எங்கே நிறுத்துவது?

(நம் சமூகக் கூடத்தில் நடந்த மூத்த குடியிருப்போர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. பேரன் சொல்லிக் கொடுத்ததை வைத்து, ஒரு சின்ன கீபோர்டின் துணையோடு, நம் விழா வீடியோக்களுக்கு மூன்று வருடமாக இசை சேர்த்து வருகிறேன்.

இதற்கான மென்பொருளை டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்கிறார்கள். ஆப்பிள் கணினிக்கு கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் பயன்படுத்திப் பார்க்கலாம். இரண்டிலும் வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே இசையைப் பதியலாம்.

முதல் விஷயம், வீடியோவை வெட்டி ஒட்டும் வேலையை முழுவதும் முடித்துவிட்டு இசைக்கு வாருங்கள். பிறகு இரண்டு விநாடியை வெட்டினாலும் அதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் இடம் மாறிவிடும். பேரேட்டில் நடுவில் ஒரு வரியை அடித்தால் கீழே உள்ள இருப்பு முழுவதும் மாறுமே, அதே கதைதான்.

இரண்டாவது, போனில் எடுத்த வீடியோக்களில் ஃபிரேம் வேகம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்காது. போகப் போக படமும் சத்தமும் விலகலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கணக்கு. கோலம் போடும் காட்சியிலிருந்து பொங்கல் பொங்கும் வரை 32 விநாடி என்று வையுங்கள். பொங்கும் நொடியில் தாளத்தின் முதல் தட்டு விழ வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்தால் 42 தட்டும் சில்லறையும் வரும். 90 வைத்தால் சரியாக 48. நான்கு நான்காகப் பிரித்தால் 12 சுற்று, மீதி இல்லை.

கணக்கு சரியாக வந்தால் எல்லாம் சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் சங்கத்துக்குப் பல வருடம் பொருளாளராக இருந்து மறைந்தவரை நினைவுகூர ஒரு வீடியோ செய்தோம். பொதுக்குழுவில் அவர் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதன் மேல் புல்லாங்குழலும் வயலினும் உருக உருகச் சேர்த்தேன். விழாவுக்கு முன்பு அவர் மனைவியிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "இசை நல்லா இருக்கு தம்பி. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவாரே, அது மட்டும் கேக்கலையே" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருடைய குரல் என்று அந்த அம்மாவிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு பதிவுதான். அதைத்தான் நான் மூடி வைத்திருந்தேன்.

நல்லவேளை, குரல் ஒரு டிராக்கிலும் இசை வேறு டிராக்கிலும் இருந்தன. அவர் பேசும் இடம் முழுவதும் இசையை எடுத்துவிட்டேன். பேச்சு முடிந்து, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது மட்டும் ஒற்றைப் புல்லாங்குழல். விழாவில் அந்தச் செருமல் கேட்டதும் கூடமே சிரித்தது. அப்புறம் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஹிட்ச்காக் 1963இல் எடுத்த 'தி பேர்ட்ஸ்' படத்தில் வழக்கமான பின்னணி இசையே கிடையாது. பறவைச் சத்தத்தை வைத்தே பயமுறுத்தினார். பெரியவர்களுக்குத் தெரிந்தது எனக்கு இவ்வளவு தாமதமாகப் புரிந்தது.

ஆகவே, இசை சேர்க்க உட்காரும்போது முதலில் இசை வேண்டாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு, குழந்தையின் சிரிப்பு, கோயில் மணி எல்லாம் அதில் வரும். மிச்சம் இருக்கும் இடம்தான் உங்களுடையது. மூலப் பதிவை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

வீட்டில் பழைய வீடியோ இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.