மார்ச்ல ரிட்ஜ் ட்ரெக் போலாமா?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "ப்ரோ, மார்ச்ல ஒரு சண்டே தேனி பக்கம் ஒரு ரிட்ஜ் ட்ரெக் அடிக்கலாம்னு இருக்கோம், ஏதாவது டிப்ஸ்?" டிப்ஸ் இருக்கு. ஆனா முதல் டிப்ஸே மார்ச்ல போகாதீங்கங்கிறதுதான்.

ரீல்ஸ்ல ஸ்பிரிங் ஹைக்னு வர்றதெல்லாம் ஆல்ப்ஸ். பனி உருகும், பூ பூக்கும், மலை முகட்டுல நடப்பாங்க. நம்ம ஊர்ல ஸ்பிரிங்குக்குப் பேரே இளவேனில். பேர்லயே வேனில் இருக்கு பாருங்க. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ரெண்டு மாசம் வெயில் அடிச்சா, ஆளுயரப் புல் மொத்தமும் காய்ஞ்சு நிக்கும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி. கொழுக்குமலைக்குப் போயிட்டு இறங்கிட்டிருந்த ரெண்டு குழு காட்டுத்தீயில மாட்டுச்சு. ஆஸ்பத்திரியில பல நாள் போராடி இறந்தவங்களையும் சேர்த்து 23 பேர். அதுல நம்மளை மாதிரி ஐடி வேலை பார்த்தவங்களும் இருந்தாங்க, வீக்கெண்டுக்குக் கிளம்பி வந்தவங்க. அவங்க சரியா பண்ணாங்களா தப்பா பண்ணாங்களான்னு பேச நான் வரலை. அந்த மாதிரி கமென்ட் அப்பவே நிறைய வந்துச்சு, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

நான் பேச நினைக்கிறது சரிவைப் பத்தி. சமதளத்துல தீ ஒரு வேகத்துல போகுதுன்னா, சரிவு 10 டிகிரி கூடினா அந்த வேகம் சுமாரா ரெண்டு மடங்கு ஆகும்னு தீயணைப்பு ஆளுங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 20 டிகிரின்னா நாலு மடங்கு. 30 டிகிரின்னா எட்டு. எக்ஸ்போனென்ஷியல்! காரணம் சிம்பிள்: ஜுவாலை மேல சாயும், மேல இருக்கிற புல்லை முன்னாடியே சூடாக்கி வச்சிடும். பகல்ல வெயில்பட்ட சரிவுல காத்தும் கீழேருந்து மேலதான் வீசும். நம்ம வேகமோ ஏத்தத்துல குறையும். அதனால கீழ புகை தெரிஞ்சா மேல ஓடுறது ரொம்ப மோசமான ஐடியா. பள்ளமான ஓடைக்குள்ள ஒளியறதும் அப்படித்தான், அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டுல நகரணும். புல் இல்லாத பாறை, இல்லைன்னா ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கருப்புத் தரை. இதெல்லாம் தெரிஞ்சிருந்தாலும் புகைக்குள்ள வழி தெரியாது, அதையும் சொல்லிடுறேன்.

இன்னொண்ணு. அன்னிக்கு முதல்ல மேல ஏறினது குரங்கணி ஊர்க்காரங்க. இருட்டுல, செங்குத்தான சரிவுல. ஹெலிகாப்டர் எல்லாம் அப்புறம்தான். நாம "ரிஸ்க் எடுக்கிறோம்"னு சொல்றப்ப அந்த ரிஸ்க்ல பாதி அவங்களோடது.

இப்ப வழி இருக்கு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. 40 பாதை, ஆன்லைன் புக்கிங், கூடவே உள்ளூர் கைடு. குரங்கணி - சாம்பலாறும் அதுல ஒண்ணு. தீ சீசனுக்காக 2025ல பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் மூடியே வச்சாங்க. "காசு கட்டித்தான் காட்டுக்குப் போகணுமா"ன்னு ஒரு முணுமுணுப்பு இருக்கு, புரியுது, சில பாதைக்கு ரேட் ஜாஸ்திதான். ஆனா நீங்க மலை மேல இருக்கீங்கன்னு கீழ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்ல.

அதனால வாய்ஸ் நோட் அனுப்பின தம்பி, பிளானை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளுங்க. புல் பச்சையா இருக்கும், காலைல மேகம் காலுக்குக் கீழ கிடக்கும், அட்டை கொஞ்சம் கடிக்கும். உங்க குரூப்ல யாராவது "பர்மிட் இல்லாத ரூட் ஒண்ணு தெரியும் மச்சி"ன்னு சொன்னா, அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நாம அங்க இருக்கோம்னு வேற யாருக்குத் தெரியும்?