வீடும் பேசட்டும்

ஆசிரியர்களே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

ஆறாம் வகுப்புப் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு கட்டம் இருக்கும். 2018இல் புதிய பாடத்திட்டத்தோடு வந்த கியூஆர் கோடு அது. போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். மறு ஆண்டே கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எல்லாமே பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தவை. வீட்டிலிருந்து பள்ளிக்கு என்ன போனது?

அந்தக் கட்டத்துக்குக் காட்டவேண்டிய போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அப்பா சாரத்தின் மேல் நிற்கிறார். இரவு எட்டரைக்கு அவர் வந்து, சார்ஜ் போட்டு, நெட் மிச்சமிருந்தால் பாடம். அதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. இதை டீச்சரிடம் சொல்லலாமென்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அடியில் ஒரு வரி: அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்!

கைதட்டல் பெற்றோர் பக்கமிருந்து மட்டும் வருகிறது, கவனித்தேன். ஆசிரியர்களையும் சொல்லிக் குற்றமில்லை. விடிந்ததும் ரோஜாப்பூவோடு நாற்பது காலை வணக்கம் வந்தால் யார்தான் பூட்டமாட்டார்கள்?

வாரத்தில் ஒரு மாலை அந்தப் பூட்டைத் திறந்து வையுங்கள். எழுத வராத அம்மாவுக்கு மைக் பொத்தான் போதும். "டீச்சர், இவனுக்குக் கழித்தல்ல கடன் வாங்குறதுதான் வரமாட்டேங்குது" என்று அவர் பேசி அனுப்பட்டும். மதிப்பெண் அட்டை இந்தத் தகவலைத் தராது.

ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும் வாரம், கொத்தனார் அப்பா ஒருவரைக் கேளுங்கள். செங்கல் கட்ட ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல், பூச்சுக்கு நாலு பங்கு. ஏன் அப்படி என்று ஒரு நிமிடம் பேசி அனுப்புவார். அதை வகுப்பில் ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் பிள்ளை அன்றைக்கு எப்படி நிமிர்ந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

போனே இல்லாத வீடும் இருக்கிறது. அவர்களுக்காகப் பள்ளி வாசலில் ஒரு பழைய போன், சாயங்காலம் அரைமணி நேரம். பேசிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

தலைமையாசிரியர் மேடையிலேயே இருக்கிறார். பூட்டைத் திறக்கும் மாலை எந்தக் கிழமை என்று இப்போதே சொல்லிவிட்டால், பெற்றோர் குறித்துக்கொள்வார்கள். ஐயா, வாருங்கள், மைக்கை உங்களிடமே தருகிறேன்.