விலை போகாத தக்காளியில் காரமான சூப்

தக்காளி விலை சரிந்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாது. பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் பழத்தைச் சாலையோரம் கொட்டியவர்கள் உண்டு. கொட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை வெறும் குழம்புச் சோறு தின்னலாமா?

வெடித்த பழமானால் அன்றைக்கே சூப் வையுங்கள். அழுகல், பூஞ்சணம் கண்டது மட்டும் வேண்டாம்.

4 பேருக்கு அரைக் கிலோ தக்காளி, 1 கத்தரிக்காய், 10 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு போதும். கத்தரிக்காயை நறுக்கிப் புழு பார்த்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் தோல் கருகும்வரை புரட்டுங்கள். தோலை உரித்து, மத்தால் மசித்து, 3 தம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மிளகு, சீரகம் வகைக்கு 1 தேக்கரண்டி பொடித்துப் போட்டு, கொத்தமல்லித் தழை தூவி இறக்குங்கள்.

எண்ணெய் எதற்கு என்பீர்கள். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், எண்ணெயோடு வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் ஆகாது; புளிப்பு அதை அரிக்கும்.

கடைசியா ஒண்ணு, மறந்துடாதீங்க. மருந்தடித்த செடியில், டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடிந்த பிறகே பறியுங்கள். வீட்டுக்கானாலும் சரி, சந்தைக்கானாலும் சரி. வாங்கிச் சாப்பிடுகிறதும் ஒரு பிள்ளைதானே!