பழிச்சொல் யாரைக் காப்பாற்றியது?



யாரைக் கைவிட நினைக்கிறதோ, அவர்களுக்கு முதலில் ஒரு பட்டப்பெயரைச் சூட்டிவிடும் சமூகம். பிரிட்டன் தன் மணமாகாத தாய்மார்களுக்கும் பதின்வயதுத் தாய்மார்களுக்கும் சூட்டிய பெயர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்தில் மணமாகாத தாய்க்கு 'ஃபாலன் வுமன்' என்று பெயர், வழுக்கி விழுந்தவளாம்! தெருப்பேச்சில் கருவுற்றவள் 'புட்டிங் கிளப்'பில் சேர்ந்தவள். பின்னாளில், பள்ளிச் சீருடையைச் சொல்லி, 'ஜிம்ஸ்லிப் மம்' என்று நாளிதழ்கள் தலைப்புப் போட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது 'பிராம்ஃபேஸ்'. அரசுக் குடியிருப்பில் குழந்தை வண்டி தள்ளுகிறவளின் முகம் என்று பொருள். வயதோடு சேர்த்து அவளுடைய வறுமையையும் இகழ்ந்த சொல் அது. இத்தனை பெயர்களில் ஒன்றாவது அந்தக் குழந்தையின் தகப்பனைச் சுட்டுகிறதா?

சொல்லில் தப்பியவன் சட்டத்திலும் தப்பினான். 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், மணமாகாதவள் பெற்ற குழந்தையை 16 வயதுவரை வளர்க்கும் பொறுப்பைத் தாயின் தலையில் வைத்தது. தகப்பனிடம் பராமரிப்புப் பணம் கேட்டு அவளே நீதிபதி முன் போய் நிற்க 1844-இல்தான் வழி பிறந்தது. 1913-இல் மனக்குறைபாட்டுச் சட்டம் வந்தது. 'ஒழுக்க மூடர்' என்றே ஒரு வகுப்பை அதில் எழுதிவைத்தார்கள். ஏழை நிவாரணம் பெறும் நிலையில் மணமாகாமல் கருவுற்றவளை, மனக்குறைபாடு உள்ளவள் என்று சான்று எழுதி விடுதியில் அடைக்கலாம். அப்படி உள்ளே போனவர்களில் சிலர் பல பத்தாண்டுகள் வெளியுலகைப் பார்க்கவில்லை.

பழைய காலத்துக் கொடுமை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 1949 முதல் 1976 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமாகாத தாய்மாரிடமிருந்து ஏறக்குறைய 1,85,000 குழந்தைகள் தத்துக்குப் போனதாக நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு 2022-இல் கணக்குச் சொன்னது. வயிறு தெரியும் முன்னே பெண்ணைத் தேவாலயங்கள் நடத்திய விடுதிக்கு அனுப்புவார்கள். பிரசவ வலிக்கு மருந்து மறுக்கப்பட்டது, செவிலியர் ஏசினார்கள் என்று பல தாய்மார்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். சில வாரம் பாலூட்டி, குளிப்பாட்டி, துணி மாற்றிய குழந்தையைக் கையிலிருந்து வாங்கிப் போனார்கள். 'விருப்பப்பட்டுத்தான் கொடுத்தாள்' என்றது ஊர். போக வீடில்லை, கையில் காசில்லை, பக்கத்தில் நிற்க ஆளில்லை. அதற்குப் பெயர் விருப்பமா?

இந்த அநீதியை எதிர்த்தவர்களும் அந்த மண்ணிலேயே இருந்தார்கள். 1918-இல் லெட்டிஸ் ஃபிஷர் என்ற அம்மையார், மணமாகாத தாய்க்கும் அவள் குழந்தைக்கும் துணை நிற்க ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார். 'ஜிஞ்சர்பிரெட்' என்ற பெயரில் அந்தப் பணி இன்றும் நடக்கிறது. 1958-இல், 19 வயதே ஆன ஷீலா டெலேனி, கருவுற்ற பதின்வயதுப் பெண்ணைத் தன் நாடகத்தின் நாயகியாக்கி, 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யை லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தார். 1969-இலும் 1987-இலும் வந்த சட்டங்கள், மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள்மீது இருந்த தடைகளை ஒவ்வொன்றாக அகற்றின.

ஆனால் ஏளனம் எளிதில் ஓயவில்லை. வீட்டு ஒதுக்கீட்டில் முந்துவதற்காகவே இளம்பெண்கள் கருவுறுகிறார்கள் என்று 1992-இல் கட்சி மாநாட்டு மேடையில் பாட்டாகவே பாடினார் அமைச்சர் பீட்டர் லில்லி. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பால் எந்தச் சிறுமிக்கு என்ன நன்மை வந்தது?

நன்மை வந்த வழி வேறு. 1999-இல் அரசு ஒரு பத்தாண்டுத் திட்டம் வகுத்தது. பள்ளியில் பாலியல் கல்வி, இளையோர் கூச்சமின்றிப் போகக்கூடிய மருத்துவச் சேவை, பிள்ளை பெற்றவள் படிப்பைத் தொடரக் குழந்தைக் காப்பகச் செலவு என்று பல முனைகளில் வேலை நடந்தது. 1998-இல் இங்கிலாந்தில் 15 முதல் 17 வயதுவரையுள்ள 1,000 பெண்களில் சுமார் 47 பேர் கருவுற்றார்கள். 2018-இல் அது சுமார் 17 ஆகக் குறைந்தது. காலமும் மாறியது, பிள்ளைகளின் பழக்கங்களும் மாறின, உண்மைதான். ஆனாலும் நூற்றாண்டுகளாக ஏசியும் அடைத்தும் நடக்காத ஒன்று, கற்பித்துத் துணைநின்ற இருபது ஆண்டுகளில் நடந்தது!

2023-இல் ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும், அன்று குழந்தைகளைத் தத்துக்குப் பறிகொடுத்த தாய்மார்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டன. அதைக் கேட்க உயிரோடு இல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

தோழர்களே, மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வருமுன்பே நாம் விழித்துக்கொள்வோம். எந்த ஊரிலும் ஒரு சிறுமி வயிற்றில் பிள்ளையோடு நின்றால், மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். அவளுக்குக் கொடுமை நேர்ந்ததா? அவளும் குழந்தையும் நலமாக வாழ, அவள் மீண்டும் வகுப்பறைக்குப் போக, யார் பொறுப்பு ஏற்கிறோம்? அந்த ஆண் எங்கே? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, அவளைப் பற்றி ஒரு பட்டப்பெயரும் நம் வாயிலிருந்து வரக்கூடாது.